ராத்திரி முறைத் தண்ணிக்கு மூன்று ரேடியோ

அமெரிக்காவில் பூர்வகுடி மக்கள் தங்கள் ஊருக்காகத் தாங்களே நடத்தும் வானொலி நிலையங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. பலதும் இணையத்தில் ஓடுகின்றன. சந்தா கிடையாது, போன் நம்பர் கேட்பதில்லை, அவர்கள் தளத்துக்குப் போய் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் காட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டால், முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது: நேரம் பொருந்துகிறது.

எங்கள் பக்கம் த்ரீபேஸ் கரண்ட் முறை வைத்து வரும். ராத்திரி முறை விழுந்தால் மோட்டாரைப் போட்டுவிட்டு, மடை திருப்பத் திருப்ப முழித்துக் கிடக்க வேண்டியதுதான். அந்நேரத்துக்கு நம்மூர் எப்.எம். எதிலும் மனுசக் குரல் இருக்காது, பாட்டு மட்டும் தானாக ஓடும், நடுவில் நகைக்கடை விளம்பரம். அதே ராத்திரி 9.30-க்கு அலாஸ்காவில் காலை 8 மணி, அவர்கள் குளிர்காலத்தில் 7 மணி, அரிசோனாவில் காலை 9 மணி. அங்கே ஆள் வந்து உட்கார்ந்து, வாசலுக்கு வெளியே பனி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லி, நேரடியாகப் பேசுகிற வேளை. காட்டுக்குள் தனியாக இருக்கும்போது யாரோ ஒருத்தர் நிஜமாகவே முழித்திருந்து பேசுவதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கும். பதிவு செய்த குரலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிசத்தில் தெரிந்துவிடும்.

நிறைய நிலையங்களைத் திருப்பிப் பார்த்ததில் எனக்கு நின்றது மூன்று. அதில் முதலிடம், யோசிக்காமல் சொல்வேன், கே.ஒய்.யு.கே.

இது அலாஸ்காவின் மேற்கில் பெத்தல் என்ற ஊரில் இருக்கிறது. 1971-லிருந்து ஓடுகிறது, 640 மீடியம் வேவ். யூகான், கஸ்கோக்விம் என்று இரண்டு பெரிய ஆறுகள் கடலில் விழும் கழிமுகம், ஏறக்குறைய நம் தமிழ்நாடு அளவுக்குப் பரப்பு. ஆனால் அதில் வாழ்கிறவர்கள் மொத்தமே 25,000 பேர் சொச்சம், கோபி நகராட்சி ஜனத்தொகையில் பாதிகூட வராது. ஐம்பதுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன ஊர்கள், பெரும்பாலும் யூப்பிக் மக்கள். வெளியூரிலிருந்து பெத்தலுக்கு ரோடே கிடையாது. விமானத்தில் வரணும், இல்லையென்றால் ஆற்றில் படகு. குளிர்காலம் வந்தால் அந்த ஆறே உறைந்து ரோடாகிவிடும், நல்ல குளிர் வருசத்தில் இருநூறு மைலுக்கு மேல் பனி மேலேயே வண்டி ஓட்டுவார்கள்.

இப்போது அந்த ரேடியோவில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றில் எந்த இடத்தில் பனி எத்தனை அங்குலம், எங்கே திறந்த தண்ணீர் தெரிகிறது, எந்தப் பக்கம் அடையாளக் குச்சி நட்டிருக்கிறார்கள், எந்தத் திருப்பத்துக்கு இன்னும் போக வேண்டாம். அங்கே தேடல் மீட்புக் குழு என்று தன்னார்வமாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து அவர்கள் சொல்லும் தகவல் ரேடியோவில் போகும். கேட்டவன் உயிரோடு அடுத்த ஊர் போய்ச் சேருவான், கேட்காதவன் பாடு ஆபத்து. கோடை வந்தால் பேச்சு மீனுக்கு மாறிவிடும். கஸ்கோக்விமில் ராஜ சால்மன் வரத்து பல வருசமாகக் குறைந்துகொண்டே வருவதால் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த அளவுக் கண்ணி வலை என்று அதிகாரிகள் அறிவிப்பார்கள், அதுவும் ரேடியோவில். அதற்கு மேல் ஊர்க்காரர்கள் போனில் வந்து அந்த அதிகாரியையே கேள்வி கேட்பார்கள். கோபமாகத்தான் கேட்பார்கள், யாரும் கத்துவதில்லை.

இதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பேப்பரில் ஒரு மூலையில் வரும், இல்லையென்றால் வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைப் பார்த்தால் அவர் சொல்வார், இல்லையென்றால் போன வருசத்து அறிவிப்பை எவனோ இந்த வருசம் வாட்ஸப்பில் அனுப்பி ஊரையே கிளப்பிவிடுவான். நாற்று விட்டவன் கதி என்ன?

அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து. இதற்கென்றே கே.ஒய்.யு.கே.வில் தனி நேரம் இருக்கிறது. போனில் கூப்பிட்டு, ஆற்றின் மேல்கோடி ஊரில் இருக்கிற பாட்டி கீழ்க்கோடி ஊரில் இருக்கிற பேத்திக்கு வாழ்த்துச் சொல்வாள். பாதி யூப்பிக், பாதி ஆங்கிலம். நடுவே இருமல், பின்னால் டிவி சத்தம், குழந்தை அழுகிறது. நிலையத்தில் இருக்கிறவர் அவசரப்படுத்துவதே இல்லை. வெளியாள் ஒருத்தன் இதைக் கேட்டால் அரை மணி நேரத்தில் சலித்துப்போகும், எனக்கும் முதலில் சலித்தது, மறைக்கவில்லை. ஆனால் கேட்கக் கேட்கப் புரிவது என்னவென்றால், இந்த நிலையம் என்னைப் பற்றிக் கவலையே படவில்லை. வெளியூர்க்காரனுக்காக எதையும் விளக்குவதில்லை, தங்கள் வாழ்க்கையைக் கண்காட்சியாக்கிக் காட்டுவதில்லை. அந்த 25,000 பேருக்குப் பேசுகிறது, அவ்வளவுதான். ஒரு உள்ளூர் ரேடியோவுக்கு நான் கொடுக்கக்கூடிய பெரிய பாராட்டு இதுதான்.

யூப்பிக்கில் செய்தியும் வாசிக்கிறார்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் ஊர்ப் பேர் வரும், மீன் பேர் வரும், கவர்னர் பேர் வரும், ஆங்கிலத்தில் முன்னாலேயே கேட்டிருந்தால் எந்தச் செய்தி ஓடுகிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் அந்தக் கரையைத்தான் அடித்தது. கிப்னுக், க்விகில்லிங்கோக் என்ற இரண்டு ஊர்களில் வீடுகள் அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி, சிலது உள்ளே ஆளோடு, தண்ணீரில் மிதந்து போயின. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊரைக் காலி செய்து கூட்டிப்போனார்கள், பலரை ராணுவ விமானத்தில் ஆங்கரேஜுக்கு. அந்தச் சமயத்தில் அங்கே நடப்பதைத் தெரிந்துகொள்ள வெளியுலகமே பார்த்தது இந்தச் சின்ன நிலையத்தைத்தான். கொடுமை என்னவென்றால், அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், 2025 ஜூலையில், பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. 1967-ல் சட்டம் போட்டு உண்டாக்கிய நிதி அமைப்பு, அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. நியூயார்க்கில் இருக்கிற பெரிய நிலையத்துக்கு இது பணக் கஷ்டம், அதன் நேயர்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள். 25,000 பேர் மீன் பிடித்து வாழும் கழிமுகத்தில் யாரிடம் போய்ச் சந்தா கேட்பது? பூர்வகுடி நிலையங்கள் பலவற்றுக்கு வரவில் பாதியோ அதற்கு மேலோ அந்த ஒரு வழியில்தான் வந்துகொண்டிருந்தது. நன்கொடை கொடுக்கத் தளத்தில் வழி வைத்திருக்கிறார்கள், முடிந்தவர்கள் பாருங்கள்.

இரண்டாவது, கீலி. தெற்கு டகோட்டாவில் பைன் ரிட்ஜ் என்ற லகோட்டா மக்கள் பகுதி, போர்க்குப்பைன் என்ற சிற்றூர், 90.1 எப்.எம். 1973-ல் பூர்வகுடி உரிமை இயக்கத்தினர் அரசை எதிர்த்து ஊரைப் பிடித்து உட்கார்ந்த வூண்டட் நீ முற்றுகை நடந்த மண் அது. அந்த இயக்கத்தோடு ஒட்டி இருந்தவர்கள் முன்னின்று 1983-ல் இதைத் தொடங்கினார்கள். சக்தி 1,00,000 வாட். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். நிலையத்துக்குச் சொந்தமாக ஒரு காற்றாலையும் நிறுத்தினார்கள். பல்லடம், உடுமலைக்காரர்கள் காற்றாலைக்கெல்லாம் அசர மாட்டார்கள், சரி.

கீலியில் எனக்குப் பிடித்தது பறைச் சத்தம். பவ்வவ் விழாவில் ஒரு பெரிய பறையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து ஒரே கையாக அடித்துக்கொண்டே மேல் ஸ்தாயியில் பாடுவார்கள். காதில் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள், போனை மோட்டார் ரூம் திண்ணையில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். விழாக்களை நேரடியாகவே ஒலிபரப்புவார்கள். மற்ற நேரத்தில் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் வர்ணனை, துக்க அறிவிப்பு, யார் வீட்டில் எங்கே இரவு முழுக்க உட்காருகிறார்கள் என்ற தகவல், பழங்குடி மன்றக் கூட்டம். பாஸ்கெட்பால் வந்தால் நான் மாற்றிவிடுவேன், ஆட்டமே புரியாதவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக வைத்திருப்பது அரிசோனாவின் ஹோப்பி மக்கள் நடத்தும் கூயி, 88.1 எப்.எம்., 2000 டிசம்பரில் ஆரம்பித்தது. மூன்றாவது என்று சொன்னாலும் விவசாயிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஹோப்பிக்காரர்கள் மேட்டு நிலத்தில், வாய்க்காலும் கிணறும் இல்லாமல் சோளம் விளைவிக்கிறவர்கள், அதாவது மக்காச்சோளம். மழை நம்மூர் மழையில் பாதிகூட இல்லை. குச்சியால் குழி தோண்டி ஒரு அடி ஆழம் வரைக்கும்கூட விதை போடுவார்கள், ஈரம் அங்கேதான் இருக்கிறது என்பதால். ஒரு குழியில் பல விதை, குழிக்கும் குழிக்கும் நல்ல இடைவெளி. காங்கேயம், தாராபுரம் பக்கம் மானாவாரி பார்த்தவர்கள் கொஞ்சம் யோசிக்கிற சங்கதி. ஒரு அடி ஆழத்தில் போட்டால் நம் விதை முளைக்காது. அவர்கள் பரம்பரையாகப் பொறுக்கி வைத்த விதை அந்த ஆழத்திலிருந்து கிளம்பி வருகிற ஜாதி. இதை நான் ரேடியோவில் அரையும் குறையுமாகக் கேட்டு, அப்புறம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது.

கூயியில் ஹோப்பி மொழி, உள்ளூர் மருத்துவமனைத் தகவல், பள்ளிப் பிள்ளைகள் குரல் எல்லாம் வரும். நடுவில் திடீரென்று ரெகே. ஹோப்பி ஊர்களில் ஜமைக்காக்காரர்களின் ரெகேக்கு எண்பதுகளிலிருந்தே பெரிய கூட்டம். பாலைவன மேட்டில் சோளம் போடுகிறவனுக்குக் கரீபியன் தீவுப் பாட்டு எப்படி ஒட்டியது என்று யாராவது நீளமாக எழுதினால் படிப்பேன்.

இந்த மூன்றும் போக, எல்லாப் பூர்வகுடி நிலையங்களுக்கும் பொதுவாகத் தயாராகும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. ஒன்று ஐந்து நிமிசச் செய்தி, 1987-லிருந்து வருகிறது. இன்னொன்று ஒரு மணி நேரம் நேயர்கள் போனில் பேசுவது, 1995-லிருந்து, பேர் நேட்டிவ் அமெரிக்கா காலிங். நமக்கு ராத்திரி 10.30, குளிர்காலத்தில் 11.30, வாரத்தில் ஐந்து நாள். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இது நல்ல வாசல். ஆங்கிலத்தில்தான் இருக்கும், பேச்சு நிதானமாக இருக்கும், நிலத் தகராறு, மொழிப் பள்ளி, சர்க்கரை நோய், சமையல் என்று எதையாவது ஒன்றை எடுத்து முழுசாகப் பேசுவார்கள்.

குறைகள். பெரும்பாலான நிலையங்கள் தேசிய நிகழ்ச்சிகளை வாங்கி ஒலிபரப்புகின்றன, அதனால் உள்ளூர்ப் பேச்சு கேட்கலாம் என்று திறந்தால் சில வேளை வாஷிங்டன் அரசியல்தான் ஓடும். அவர்கள் ஆட்கள் ஐந்தோ ஆறோ பேர், இருபத்துநாலு மணி நேரமும் பேசச் சொல்ல முடியாதுதான். இணைய ஒலிபரப்பு சில நிலையங்களில் அடிக்கடி அறுந்துபோகும், பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும். நம் பக்கத்துக் குறை என்னவென்றால் காட்டுக்குள் சிக்னல். டேட்டா பற்றிப் பயம் வேண்டாம், 64 கேபிபிஎஸ் ஓட்டம் என்றால் மணிக்கு 30 எம்.பி.க்குள், 128 என்றால் 60-க்குள். உலக ரேடியோ எல்லாம் ஒரே இடத்தில் என்று சொல்லிக்கொள்ளும் ஆப் ஒன்றை முதலில் இறக்கினேன். நிலையம் மாற்றும்போதெல்லாம் லோன் விளம்பரம், அதுவும் கத்துகிற விளம்பரம், ராத்திரி பதினொரு மணிக்குக் காட்டில் இருக்கிற நாயெல்லாம் குரைத்தது. அழித்துவிட்டேன். நிலையத்தின் சொந்தத் தளமே போதும்.

எங்கள் பெரியப்பா ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். “ஏப்பா, இதெல்லாம் வாட்ஸப்புல வராதா? இதுக்குன்னு ஒரு டேசன் வேணுமா?” என்றார். “வருமுங்க பெரியப்பா, ஆனா யார் சொன்னதுன்னு தெரியாதுங்களே” என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பழைய நாளில் கோவை வானொலியில் மஞ்சள் விலை கேட்டது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று வானொலியில் வந்த பிறகு ஈரோட்டு மண்டியில் யாரும் ஏமாற்ற முடியாது என்று ஆரம்பித்து, பேச்சு எங்கோ போய்விட்டது. 1966-ல் தொடங்கிய நிலையம் அது. அந்தத் தலைமுறைக்கு ரேடியோவில் வாசிப்பவரின் குரல் தெரியும், பேர் தெரியும், தப்பாகச் சொன்னால் கடிதம் எழுதுவார்கள். எனக்கு வாட்ஸப்போடு இருக்கிற பிணக்கு அதுதான், தப்பான சேதிக்குச் சட்டையைப் பிடிக்க ஆள் கிடையாது.

நம் மலைகளில் என்ன இருக்கிறது? உதகை வானொலி இருக்கிறது, படுக மொழியிலும் மலைவாழ் மக்கள் மொழிகளிலும் நிகழ்ச்சிகள் உண்டு. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு நடத்தும் சமுதாய வானொலி இருக்கிறது, 90.4. தேன் எடுக்கிறவர்களோடு வேலை செய்து வளர்ந்த அமைப்பு அது. இருளர், குறும்பர் பேச்சையெல்லாம் அதில் கேட்கலாம். மலையேறிக் கோத்தகிரி போகிறவர்கள் கார் ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பக்கம் வயநாட்டில் மாற்றொலி, 2009-லிருந்து. ஆனால் சத்தியமங்கலம் மலை மேல், தாளவாடி, ஆசனூர், கடம்பூர், இங்கே பர்கூர் என்று ஊராளிகளும் சோளகர்களும் இருக்கிற பக்கம் போனால் போனில் சிக்னலும் தேய்ந்துவிடும், ரேடியோவில் மைசூர் பக்கத்துக் கன்னடம்தான் தெளிவாக விழும். திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அதில் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் தாளவாடிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வரமுடியாமல் மேலேயே நிற்பார். அப்படி மாட்டியிருக்கிறது என்று கீழே இருக்கிறவர்களுக்கும் மேலே இருக்கிறவர்களுக்கும் யார் சொல்வது? 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்களே, அந்த மாதிரி ராத்திரியில்?

ஒரு நிலையம் வைக்கலாம்தானே என்றால், வைக்கலாம். காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, அதுவும் கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறில் வந்த தீர்ப்பு. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம்தான் நாட்டிலேயே முதலில் வளாக வானொலி தொடங்கியது. 2006-ல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி வந்தது. ஆனால் சமுதாய வானொலிக்குக் கொடுக்கிற சக்தி 100 வாட். கீலிக்கு 1,00,000 என்று சொன்னேன் அல்லவா, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும், மலையும் மடுவுமான இடத்தில் அடுத்த மேடு தாண்டினால் கொரகொரப்புதான். அதைவிட மோசம், சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. வானிலை, போக்குவரத்து அறிவிப்பு சொல்லலாம், ஆகாசவாணிச் செய்தியை அப்படியே வெட்டாமல் ஓட்டலாம். ஆனால் வன உரிமைப் பட்டா விஷயத்தில் கிராமசபையில் என்ன நடந்தது என்று அந்த ஊர்க்காரரே தன் ஊர் ரேடியோவில் செய்தியாகச் சொல்ல முடியாது. கே.ஒய்.யு.கே.வில் நான் ரசித்துக் கேட்பதில் பாதி இங்கே சட்டப்படி நடக்காது. பணம் இல்லாமல் அவர்கள் தவிக்கிறார்கள் என்றால் நமக்குப் பணத்துக்கு முந்தின படியிலேயே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் நேட்டிவ் அமெரிக்கா காலிங்கில் ஆரம்பித்து, ஒரு வாரம் கழித்து கே.ஒய்.யு.கே.வுக்குப் போங்கள், நேராகப் போனால் ஓடிவந்துவிடுவீர்கள். ராத்திரி முறை இல்லாதவர்கள், விடியற்காலை பால் கறக்க எழுந்திருக்கிறவர்கள் என்றால் நியூசிலாந்து. மாவோரி மக்களுக்கு அங்கே இருபதுக்கு மேல் நிலையங்கள், அரசாங்கப் பணத்தில் ஓடுகின்றன, நமக்குக் காலை 5 மணி என்றால் அங்கே 11.30, அவர்கள் கோடைக்காலத்தில் 12.30. பாட்டு அதிகம், பேச்சு குறைவு. மாடு ஒன்றும் மிரளவில்லை.